மாம்பழப் பறிமுதல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயாதுரை ஒரு தலைமைக் காவலர். எல்லோருக்கும் அவர் ஏட்டையா.

இடுப்பில் டிஸ்க் விலகியதிலிருந்து ஏட்டையா குனிவதே இல்லை. கீழே விழுந்த பேனாவை நின்றபடியே முறைப்பார். பேனா பயந்துபோய் அங்கேயே கிடக்கும்.

வலி குறைந்துவிட்டது. ஆனால் குனிந்து பழகினால்தான் மறுபடி டியூட்டிக்குப் போக முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மகள் பாண்டிசெல்வியோடு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார்.

"இன்னைக்கு மட்டுந்தான். பொறவு வர மாட்டேன்" என்று வழியெல்லாம் சொன்னார்.

அங்கே பிசியோதெரபிஸ்ட் வெங்கடேஸ்வரி ஒரு தடித்த கறுப்புக் கண்ணாடியை எடுத்தார்.

"யக்கா, எம்புட்டுப் பெருசு! உள்ள என்ன தெரியும்?"

"நீயே போட்டுப் பாரேன்."

பாண்டிசெல்வி போட்டாள். அறையைக் காணோம்! சுற்றிலும் மாந்தோப்பு. அண்ணாந்தால் வானம், திரும்பினால் அணில், காலடியில் மாம்பழம். குனிந்து கையை நீட்டினாள். வெங்கடேஸ்வரி கையில் கொடுத்திருந்த கருவி கிர்ரென்றது. பழம் கூடைக்குள் போனது.

"வாசனை மட்டும் வரலையே?"

"அதை நீ வளர்ந்து கண்டுபிடி" என்று சிரித்தார் வெங்கடேஸ்வரி.

அடுத்து ஏட்டையா. கண்ணாடி அவர் மீசைக்கு மேலே கம்பீரமாக உட்கார்ந்தது.

"முழங்காலை மடக்கி, மெல்லக் குனிஞ்சு பழத்தை எடுங்க சார்."

ஏட்டையா விறைப்பாக நின்றார். "தோப்பு யாரோடது?"

"யாரோடதும் இல்ல சார். கம்ப்யூட்டர் தோப்பு."

"அடுத்தவன் தோப்புல கை வைக்கச் சொல்லுதியளா? போலீஸ்காரன் திருடுவானா?"

"என்னா நேர்மை!" என்று காத்திருந்த ஒருவர் உருகினார்.

பாண்டிசெல்வி அப்பாவின் கையைப் பார்த்தாள். அது பக்கத்துச் சுவரில் இருந்த பிடிகம்பியை இறுகப் பிடித்திருந்தது.

அட, அப்பாவுக்குப் பயம்! மறுபடி வலித்துவிடுமோ என்ற பயம். இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு அதை எப்படி வெளியே சொல்வார்?

அவளும் வெளியே சொல்லவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, அது திருட்டு மாம்பழம். திருடன் போட்டுட்டு ஓடிட்டான். நீங்கதான் பறிமுதல் பண்ணணும். மெதுவாப் பண்ணுங்க, சாட்சிக்கு நான் நிக்கேன்."

ஏட்டையா செருமினார். "அப்படின்னா சரி. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

முழங்கால் மடங்கியது. இடுப்பு கொஞ்சம் சாய்ந்து, நின்றது.

"வலிக்குதாப்பா?"

"இல்லியே!" ஏட்டையாவுக்கே ஆச்சரியம். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். பழம் கூடைக்குள் போனது. அடுத்த பழத்துக்குக் கம்பியை விட்டுவிட்டார்.

"இன்னைக்கு இது போதும் சார்" என்றார் வெங்கடேஸ்வரி.

"எப்படிம்மா போதும்? அந்தா, புதருக்குப் பின்னால ஒரு மாம்பழம் தலைமறைவா இருக்கு. ஏட்டி செல்வி, நாளைக்கு வெள்ளனக் கெளம்பு, அதைப் பிடிச்சிருவோம்!"