மாமி வாங்கி வந்த கையெழுத்து

அஜந்தா தேத்தண்ணியோடு அறைக்குள் வந்தபோது மாமி அருள்மலர் சூட்கேசைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கை மாமி வெளிக்கிடுறியள்?"

"லண்டனுக்கு. தங்கச்சி வீட்டை. ரெண்டு கிழமையிலை வந்திடுவன்."

முதல் நாள்தான் அஜந்தாவுக்கு விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அவளுடைய முதல் கலியாணத்தில் பிறந்த லக்ஷனா, மன்னார் பேசாலையில் தாயின் தமையன் மாக்சிம் அண்ணை வீட்டில் இருக்கிறாள். பத்து வயது. தாய் பாரிஸ் வந்து இரண்டு வருடமாகியும் பிள்ளைக்கு விசா வரவில்லை. சொந்தத் தகப்பனின் சம்மதக் கையெழுத்து ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்களாம்.

விவாகரத்தாகிப் பேசாலையிலேயே வேறு குடும்பமாய் வாழும் அந்தத் தகப்பன் கெவின், தொலைபேசியில் ஒரே பேச்சாய்ச் சொல்லிவிட்டான்: "ஆமிக்காரன்ரை வீட்டுக்கு என்ரை பிள்ளையை விடமாட்டன்."

அந்த ஆமிக்காரன், அஜந்தாவின் இப்போதைய கணவன், மாமியின் மகன் டெனிஸ்டன், பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து ஆபிரிக்காவில் ஜிபூத்தியில் நிற்கிறான். லீவுக்கு இன்னும் நான்கு மாதம். அஜந்தா தானே போய் நிற்கலாமென்றால், அவளுடைய வதிவிட அட்டையான கார்த் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடக்கிறது.

"நான் இந்த நிலைமையிலை நிக்க நீங்கள் ஊர் சுத்தப் போறியள்… உங்கடை சொந்தப் பேத்தியெண்டால் போவியளோ மாமி?"

மாமி கையை நீட்டினார். "தேத்தண்ணியைத் தா பிள்ளை, ஆறப்போகுது" என்றார். நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் டெனிஸ்டன் போன் எடுத்தான். "அம்மா சாப்பிட்டவவோ?" என்றுதான் முதலில் கேட்டான். எப்போதும் மனைவியிடம்தான் அவன் அதைக் கேட்கவேண்டும். தொண்ணூறில் இலங்கை ஆமி கொண்டுபோன அவனுடைய தகப்பன் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையோடு மன்னாரை விட்டு வந்த தாய், இனி அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். அந்தப் பிள்ளையே ஒரு சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, அது எந்த நாட்டுச் சீருடை என்று அவர் பார்க்கவில்லை. ஏழு வருடமாக மகனோடு பேச்சில்லை.

"லண்டனுக்குப் போட்டா" என்றாள் அஜந்தா. அதற்குமேல் அவளுக்குச் சொல்ல மனமில்லை.

ஒன்பதாம் நாள், பாரிஸ் லா சப்பலில் அவள் வேலை செய்யும் புடவைக்கடைக்கு மாக்சிம் அண்ணையின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, உன்ரை மாமி இஞ்சை நிக்கிறா."

"எங்கை?"

"பேசாலையிலை. மூண்டு நாளாய்க் கெவின்ரை வாசல்லை போய் இருந்தவ. முதல் நாள் அவன் கதவே திறக்கேல்லை."

அஜந்தா துணிக்கட்டின் மேலேயே இருந்துவிட்டாள்.

"என்ன சொன்னவ அண்ணை?"

"'தம்பி, ஆமியெண்டால் உனக்கு இருக்கிற பயம் எனக்கும் இருக்கு. என்ரை மனுசனைக் கொண்டுபோனவங்கள். ஆனால் என்ரை மகன் ஒரு பிள்ளையை நோகப் பேசத் தெரியாதவன். உன்ரை பிள்ளை உன்னைத்தான் அப்பா எண்டு கூப்பிடுவாள், அதுக்கு நான் பொறுப்பு' எண்டவ. அவன் அழுதிட்டான் தங்கச்சி. நொத்தாரிசிட்டை போய்க் கையெழுத்து வைச்சாச்சு."

மாமி விமான நிலையத்திலிருந்து ரயிலில் கார் து நோர் நிலையத்தில் வந்து இறங்கியபோது அஜந்தா மேடையில் நின்றாள். சூட்கேசை வாங்கவேண்டிய கை மாமியின் தோளைக் கட்டிக்கொண்டது.

"ஏன் மாமி எனக்குச் சொல்லேல்லை… நான் எவ்வளவு கூடாத கதை கதைச்சுப்போட்டன்."

"அவன் மாட்டன் எண்டிருந்தால் நீ இன்னொருக்கா அழவேணும். ஒருக்கா அழுதது காணும் எண்டு நினைச்சன். விடு பிள்ளை… சனம் பாக்குது."

அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. முகத்தைத் துடைத்தபடி கேட்டார்:

"இப்ப அவன்ரை நாட்டிலை என்ன நேரம்?"

"ஆற்றை மாமி?"

"என்ரை மகன்ரை. மூண்டு நாளாய் அவனைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு இருந்தனான்… கூப்பிடன் ஒருக்கா."

அஜந்தா எண்ணை அழுத்திக் கொடுத்தாள். மறுமுனையில், "அஜந்தா, அம்மா வந்திட்டாவோ?" என்று குரல் கேட்டது.

மாமி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

"டெனிஸ்டன்… அம்மா கதைக்கிறன் அப்பன். நீ சாப்பிட்டியோ?"