இருநூற்றுப் பதினான்கு பள்ளங்கள்

செவ்வாய்க் கிரகத்தின் புதுவிருதை அரங்கத்தில் அன்று காலை எண்பதாயிரம் பேர் ஒரு துண்டைப் பார்க்கக் கூடியிருந்தார்கள். பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. அதற்கு அடியில் இரண்டு கைகள். பந்தயக் கார் ஒன்றுகூட அங்கே இல்லை. இருந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கார்களை மனிதர்கள் ஓட்டுவதை நிறுத்தி நூறு வருஷம் ஆகியிருந்தது. ஓட்டுப்பொறிகள் தவறு செய்வதில்லை. இன்ன கார், இன்ன தடம் என்று சொல்லிவிட்டால் போதும், யார் எத்தனை விநாடி வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று முன்கணிப்பி சொல்லிவிடும். அது இதுவரை பிசகியதில்லை. நிலாவில் காற்றே கிடையாது. சிறகு வைத்த கார் அங்கே வீண் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடும். சனியைச் சுற்றும் டைட்டனில் காற்று கூழ் மாதிரி கெட்டி. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சிறகு இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே மிதந்து போகும். ஆகவே கோப்பை எஞ்சினில் இல்லை, தடத்தில் இருந்தது. முன்னணியில் இருக்கும் இரண்டு அணித் தலைவர்கள் கடைசித் தடத்தைப் பேரம் பேசி முடிப்பதுதான் ஆட்டம். அதன் பிறகு நடக்கும் பந்தயம் வெறும் சடங்கு.

எல்லார் காதிலும் செவிச்சில்லு பொருத்தியிருக்கும் காலத்தில் ரகசியம் பேச வாய் உதவாது. அதனால் பழைய மாட்டுச் சந்தைத் தரகர்களைப் போலத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவது சட்டமாகியிருந்தது. ஆள்காட்டி விரல் என்றால் நிலா. நடுவிரல் டைட்டன். சுண்டுவிரல் பூமி. சுண்டுவிரலை அறுபது வருஷமாக யாரும் தொடவில்லை. பூமித் தடத்தைப் பற்றிக் கேட்டால் முன்கணிப்பியே 'கணக்கில் வராது' என்று கைவிரித்துவிடும். அங்கே நேற்று இல்லாத வேகத்தடை இன்று முளைத்திருக்கும். நேற்று இருந்த தார் இன்று இருக்காது.

துண்டின் ஒரு பக்கம் புதுவிருதையில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஞானதிரவியம் அண்ணாச்சி. சென்ற வருஷக் கோப்பை அவருடையது. வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த அவருடைய கார், நிலாவில் பதினோரு விநாடி வித்தியாசத்தில் ஜெயிக்கும். மறுபக்கம் தங்கபுஷ்பம். அவளுடைய சிறகுக் கார் டைட்டனில் ஒன்பது விநாடி வித்தியாசத்தில் ஜெயிக்கும். இருவருக்கும் சமபுள்ளி.

தங்கபுஷ்பத்துக்குக் கோப்பையைவிட வேறொன்று வேண்டியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அண்ணாச்சியிடம் வடிவமைப்பாளராக இருந்தாள். அவருக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்த வளைசிறகு அவள் வரைந்தது. வெற்றி மேடையில் பந்தயப் பேரவைத் தலைவர் அவளைப் பார்த்து, "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். அண்ணாச்சி கண் சிமிட்டாமல், "நம்ம அணிக்கு டீ, காப்பி எல்லாம் பாத்துக்குற தங்கச்சி" என்றார். தலைவர் புன்னகை செய்து, "அப்ப எனக்கு ஒண்ணு. சர்க்கரை கம்மியா" என்றார். அவள் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கியவள்தான், அந்த அணிக்குத் திரும்பவேயில்லை.

பேரம் மதியத்துக்குள் படியாவிட்டால் கோப்பை பழைய வெற்றியாளரிடமே இருந்துவிடும் என்பது விதி. அண்ணாச்சி சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அப்படித்தான் இருக்கப்போகிறார் என்று எண்பதாயிரம் பேரும் நினைத்தார்கள்.

"அண்ணாச்சி, இன்னிக்குக் கடை தொறந்தீங்களா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"காலங்காத்தால ஏழு மணிக்கு இங்க உக்கார வச்சுட்டு என்ன கேள்வி தாயி இது?"

"அப்ப நான்தான் போணி."

அண்ணாச்சியின் முகம் விழுந்தது. காலையில் முதலில் வருகிறவரிடம் பேரத்தை முடிக்காமல் திருப்பி அனுப்பினால் அந்த வருஷமே விளங்காது என்று நம்பும் ஊர் புதுவிருதை. நாற்பது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தும் அந்த நம்பிக்கையை மட்டும் அவர்கள் எடை பார்க்காமல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பேரத்தை ஏழு மணிக்கு வைக்கச் சொல்லி மூன்று மாதம் அலைந்து உத்தரவு வாங்கியவள் அவள்.

அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். உதறினாள். அவள் நடுவிரலைப் பிடித்தாள். அவர் உதறினார். பதினொன்றே முக்கால்வரை இதே கதை. அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.

"முடியுங்க அண்ணாச்சி. பச்சத்தண்ணி கூடக் குடிக்காம உக்காந்திருக்கேன்."

"நீ கேக்குறதக் குடுத்தா நான் துண்டத் தலையில போட்டுக்கிட்டுப் போவணும்."

அப்போதுதான் அவள் மெல்ல அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தாள். அண்ணாச்சி யோசித்தார். இயந்திரத்துக்கே தெரியாத இடம். அப்படியென்றால் பாதிக்குப் பாதி. டைட்டனுக்கு இது மேல், போணியும் கெடாது. விரலை அழுத்தினார். அரங்கம் அதிர்ந்தது.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஒன்பது வருஷமும் தங்கபுஷ்பம் விடுமுறைக்குப் போனது பூமிக்குத்தான். பூமித் தடமான வடசாலையூர் புறவழிச்சாலையை அளவுகோலோடு நடந்தே முடித்திருந்தாள். பள்ளங்கள் இருநூற்றுப் பதினான்கு. வேகத்தடைகள் அறுபத்தொன்று, ஒன்றுக்கும் வெள்ளைக்கோடு கிடையாது. அதற்கென்றே வெட்டுக்கிளி மாதிரி நீண்ட கால்கள் வைத்த காரை ரகசியமாகக் கட்டியிருந்தாள். அண்ணாச்சியின் கார் மூன்றாவது வேகத்தடையிலேயே வயிறு கிழிந்து நிற்கும்.

கூடவே பேரவைத் தலைவருக்கு ஓர் அழைப்பும் அனுப்பினாள்.

"ஜெயிச்சாப் போதாதாக்கா? அந்தாளு எதுக்கு?" என்றான் அவளுடைய தலைமை மெக்கானிக் மரகதவேல்.

"போதாது. அன்னிக்கு டீ கேட்ட அதே ஆளு, அண்ணாச்சி வண்டி வயிறு கிழிஞ்சு கிடக்குறத நாற்காலி போட்டு உக்காந்து பாக்கணும்."

"பழசெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்குமா?"

"எனக்கு இருக்குல்ல."

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை இரண்டு கார்களும் முத்திரை வைத்துப் பூட்டப்பட்டன. அதன் பிறகு ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. மறுநாள் காலை தடத்துக்கு வந்த தங்கபுஷ்பத்தின் மூக்கில் முதலில் ஏறியது புதுத் தார் வாசனை. சாலை கறுத்து, வழவழவென்று, அடிவானம்வரை கிடந்தது. ஓரமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. நகராட்சி உதவிப் பொறியாளர் தெய்வசிகாமணி சிரித்த முகத்தோடு ஓடிவந்தார்.

"ஒரே ராத்திரியில முடிச்சிட்டோம் மேடம். இப்பிடி ஒரு ரோடு பூமியிலயே கிடையாது."

"வேகத்தடை?"

"அறுபத்தொண்ணையும் பேத்தாச்சு. தலைவருக்கு முதுகுவலின்னு கேள்விப்பட்டோம்."

"யாருய்யா ஒங்கள இதப் பண்ணச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? பெரிய ஆள் வர்றாருன்னா நாங்களாப் பண்ணிருவோம். முன்னூறு வருஷமா அதான் மேடம் வழக்கம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர வரவழச்சது நீங்கதானாமே. ஊரே ஒங்களத்தான் பேசுது."

பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அண்ணாச்சியின் கார் எண்ணெயில் விட்ட அப்பளம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வெட்டுக்கிளி தன் நீளக் கால்களில் ஆடி ஆடி நாற்பத்தொரு விநாடி கழித்து வந்து சேர்ந்தது.

மேடையில் அண்ணாச்சி கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "இந்த ரோடு வரக் காரணமே நம்ம தங்கச்சிதான். அது மனசு யாருக்கும் வராது." உள்ளபடியே அவர் பொய் சொல்லவில்லை. தலைவர் அவளை உற்றுப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வந்து முகம் மலர்ந்தது.

"நீங்க அந்த டீ அம்மாதானே? பிரமாதமா இருந்துச்சு. இன்னிக்கு இல்லையா?"

இரண்டு மணிக்குத் தலைவரின் கலம் வானில் ஏறியது. அது கண்ணை விட்டு மறைவதற்குள் குழாய் வாரியத்தின் தோண்டுபொறிகள் மூன்று வந்து இறங்கி, புதுச் சாலையின் குறுக்கே வெட்ட ஆரம்பித்தன. வெயிலில் தார் இளகிப் பாளம் பாளமாகச் செருப்போடு வந்தது. மரகதவேல் கண்ணெதிரே விழுந்த குழிகளை எண்ணிக் கையடக்கக் கணிப்பியில் தட்டிப் பார்த்தான்.

"இந்நேரம் ஓட்டியிருந்தா பதினாலு விநாடி வித்தியாசத்துல நாம ஜெயிச்சிருப்போங்க்கா."

தொலைவில் அண்ணாச்சியின் ஆட்கள் மாலையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் வண்டியிலிருந்து பழைய அளவுகோலை எடுத்தாள். புடவையைச் செருகிக்கொண்டு, இப்போதுதான் வெட்டிய குழிக்குள் இறங்கினாள்.

"எழுதிக்க மரகதம்," என்றாள். "ஒண்ணாம் பள்ளம். ஆழம் மூணடி."