பிரிக்காத குதிரைகள்

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குமிழ்க் குடியிருப்பில் பொழுது விடிந்ததும் மகுடேசன் செய்யும் முதல் வேலை பொய் சொல்வது. நூற்று அறுபது பொய்கள். பல் துலக்கும் முன்பே ஆரம்பித்து, மனைவி கமலவேணி காப்பியோடு வருவதற்குள் முடித்துவிடுவார்.

வீட்டின் நான்கு சுவர்களிலும் அலமாரிகள். அலமாரி நிறையக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சாண் உயர மரக்குதிரை. அதன் வயிற்றுக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கிரேக்கப் படைவீரன். பூமியின் பழைய கதைதான். பத்து வருடம் முற்றுகையிட்டும் டிராய் நகரத்தைப் பிடிக்க முடியாதவர்கள், மரக்குதிரை ஒன்றைச் செய்து அதற்குள் ஒளிந்துகொண்டார்கள். நகரத்தார் குதிரையை இழுத்து உள்ளே கொண்டுபோன பிறகு, சைகை கிடைத்ததும் இறங்கிக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

பொம்மைக் கம்பெனி அந்தக் கதையிலிருந்து காத்திருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. வீரன் உயிர்ப்பொம்மை; தசைத் தொட்டியில் விளைந்தவன். அரிசியளவு மூளையில் ஒரே எண்ணம்: சைகை வரும்வரை அசையாதே. உறைகுளிரில் தூங்குவான். மூளை மங்கிவிடாமலிருக்கத் தினமும் பத்து நிமிடம் விழிப்பான். விழித்ததும் குதிரையின் வயிற்றுத் துளை வழியாகக் கேட்பான்.

“தளபதி, நேரம் வந்துவிட்டதா?”

“இன்னும் இல்லை,” என்பார் மகுடேசன். அடுத்த பெட்டிக்கு நகர்வார். “இன்னும் இல்லை.”

பதில் கிடைக்காத வீரன் தலையால் குதிரையின் விலாவை முட்டத் தொடங்குவான். வண்ணம் உரியும். உரிந்தால் சேகரிப்போர் சங்கம் தரத்தைக் குறைத்துவிடும். வண்ணத்தைவிட முக்கியம், மூடியின் மேல் ஒட்டிய நீலப் பட்டை. அது அறுபடாத வரைதான் பெட்டிக்கு மதிப்பு.

“ஏனுங்க, பிரிச்சே பாக்காத பொம்மைய எதுக்குங்க வாங்கோணும்?” என்று கேட்காத நாளில்லை கமலவேணி. “மனுசி உக்கார ஒரு சோபா போட இந்த ஊட்டுல எடமில்ல.”

“வாங்குன அன்னிக்கே பிரிச்சு நாசம் பண்றது உங்கப்பன் ஊட்டுப் பழக்கம்.”

“எங்கப்பன் ஊட்டுல பொம்மைங்க அழுவலீங்க.”

ஒரு நாள் அவர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, அவள் கத்தரிக்கோலை எடுத்து ஒரு நீலப் பட்டையை அறுத்துவிட்டாள். “வந்துருச்சு சாமி, நேரம் வந்துருச்சு. எறங்கு,” என்றாள். வீரன் நம்ப முடியாமல் சற்று நேரம் நின்றான். பிறகு கயிறு பிடித்து இறங்கி, சமையல் மேடையில் நடந்துபோய், ஆவி பறக்கும் இட்லிப் பானையைக் கோட்டையென்று எண்ணி வாளால் தட்டினான். கமலவேணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வீட்டில் சிரிப்பு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வாசலில் மகுடேசன் நின்றுகொண்டிருந்தார். அறுந்த பட்டையை எடுத்து இரண்டு முனைகளையும் ஒட்ட வைத்துப் பார்த்தார். பிறகு வீரனை இரண்டு விரலால் தூக்கிக் கழிவு அரைக்கும் குழாயின் மேல் பிடித்தார்.

“இதுதான் வாசலா, தளபதி?” என்று கேட்டான் வீரன்.

“ஆமாம்,” என்று பிடியை விட்டார். குழாய் இரண்டு நொடி கரகரத்தது. “பிரிச்சது குப்பை, வேணி. தெரிஞ்சுக்கோ.”

அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை. சோபாவும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் மகுடேசனுக்குச் செந்தூசி நோய் வந்தது. குமிழுக்கு வெளியே வேலை பார்த்தவர்களின் நுரையீரலில் செவ்வாய் மண் படிந்து கல்லாகும் நோய். மருந்தில்லை. கண்டுபிடிக்கும்வரை தூங்கவைக்கலாம் என்றார் டாக்டர். அதே பொம்மைக் கம்பெனி, அதே நுட்பத்தில், மனிதருக்கான உறைபேழைகள் பத்து செய்திருந்தது. கண்ணாடி மூடி, பேச ஒரு துளை, தினம் பத்து நிமிட விழிப்பு.

பேழைக்குள் படுத்த மகுடேசனின் கண்ணில், மூடியின் மேல் ஒட்டக் காத்திருந்த நீலப் பட்டை பட்டது. அதில் எண் ஒன்று. முதல் வரிசையின் முதல் பேழை!

“வேணி, என் பட்டியலை எடு. சீக்கிரம்!”

இருமலுக்கு நடுவே தன் கையாலேயே எழுதினார்: பொருள் நூற்று அறுபது. மனிதன், ஒன்று. முத்திரை குலையாதது.

“ஏனுங்க, நீங்க பொருளுங்களா?” என்றாள் அவள்.

பட்டை கோணாமல் ஒட்டப்படுகிறதா என்று பார்த்தபடியே அவர் உறங்கிப்போனார்.

பதினொரு வருடங்கள் பத்துப் பத்து நிமிடமாகக் கழிந்தன. ஒரு காலையில் விழித்தபோது கமலவேணி தலை நரைத்து, கையில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

“மருந்து வந்துருச்சுங்க! ஒரே ஊசியாம். டாக்டர் வாசல்ல நிக்கறாரு. அறுக்கட்டுங்களா?”

மகுடேசனின் நெஞ்சு துள்ளியது. “அறு” என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார்.

“மத்த ஒம்பது பேழை?”

“எல்லாம் பிரிச்சாச்சுங்க. எல்லாரும் எந்திரிச்சு நடமாடறாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

“அப்ப… பிரிக்காதது உலகத்துலயே இது ஒண்ணுதான்?”

“ஆமாங்க. அதுக்கென்னங்க இப்ப?”

மூன்று நிமிடம் அவர் மூடியின் மேலிருந்த நீலப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மிச்சமிருந்ததே நான்கு நிமிடம்தான்.

“சங்கத்தோட கண்காட்சி எப்ப?”

“ஏனுங்க, பைத்தியமா புடிச்சிருக்குது?”

“பிரிச்சது குப்பை, வேணி. கண்காட்சி முடியட்டும். அப்புறம் பிரி.”

அவள் அவரையும் பட்டையையும் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைத் தாழ்த்தினாள்.

கண்காட்சியில் மூவாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தினார்கள். நூற்றுக்கு நூறு தரச்சான்றை மூடியின் மேல் ஒட்டியதில் மகுடேசனுக்கு வெளியே பார்க்கும் இடம் பாதியாகக் குறைந்தது. அவருக்கு அது பெருமையாகவே இருந்தது. மறுபாதி வழியே, பட்டுப் புடவையில் கமலவேணி தெரிந்தாள். அவளைச் சுற்றி ஒரே கூட்டம். இத்தனை வருடத்தில் அவளை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை; அவரும் பார்த்ததில்லை.

மறுமுறை விழித்தபோது வீட்டில் இருந்தார். அலமாரிகளின் பக்கமிருந்து அவள் குரல் நெருங்கி வந்தது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. வரிசையில் கடைசிப் பொருள் அவர்தான்.

“வேணி! கண்காட்சி முடிஞ்சிருச்சுல்ல? நேரம் வந்துருச்சா?”

காலடி நின்றது.

“இன்னும் இல்லைங்க,” என்றாள், மிக அன்பாக. “ஆளுங்க பாக்க வந்திருக்காங்க. மண்டைய முட்டாதீங்க, கண்ணாடி கீறிடும்.”

அவர் கத்தினார். துளையின் மூடி மெல்லச் சாத்தப்பட்டது. சாத்தும் முன், அறைக்குள் யாரோ உட்காரும் சத்தமும், புத்தம்புதுப் பாலித்தீன் உறை நொறுநொறுப்பதும், அவள் பதறுவதும் கேட்டன.

“பாத்து உக்காருங்க! புது சோபா. கவரு கிழிஞ்சிரப் போவுது.”