திரைக்குப் பின்னால் கல் இல்லை

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. மேஸ்திரி இருசப்பன் சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய மஞ்சள் பட்டுத் திரையை ஒதுக்கினார். ஒதுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். திரைக்குப் பின்னால் மாடக்குழி இருந்தது. அதற்குள் நிற்க வேண்டிய கல் இல்லை.

"டீச்சரம்மா, இங்க கொஞ்சம் வாங்க. கல்லைக் காணோம்."

சுனந்தா டீச்சர் வந்து பார்த்தார். நம்பாமல் குழிக்குள் கையையும் விட்டுப் பார்த்தார். கல் என்ன, கூச்சப்பட்டுக்கொண்டு மூலையில் ஒளிந்திருக்கவா போகிறது?

சுனந்தா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். சமணக் குடும்பம். எறும்பைக்கூட மிதிக்காமல் நடந்துவந்து எறும்பைப் பற்றிப் பாடம் நடத்துவார். பள்ளிக்கூடத்தில் காணாமல் போன கடிகாரம், சங்கிலி, ஒரு தடவை தலைமையாசிரியையின் குடை, எல்லாவற்றையும் உட்கார்ந்து யோசித்தே கண்டுபிடித்துக் கொடுத்தவர். ஆனால் இப்போது காணாமல் போனது குடை இல்லை. இரண்டு வருஷ உழைப்பு.

திருவண்ணாமலை மியூசியம் இருப்பது நவாபு காலத்துக் கச்சேரிக் கட்டடத்தில். பழைய நடுகற்களும் வாட்களும் பத்திரமாக இருந்தன, கட்டடம்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. சுனந்தா ஒரு குழு சேர்த்து வசூலுக்குக் கிளம்பினார். தேரடி வீதியில் ஏறாத கடை இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மோர்ப் பந்தல் போட்டு உண்டியல் குலுக்கினார். ஜனங்கள் கொடுத்தார்கள், ஆனால் அவரவர் வழியில் கொடுத்தார்கள். ஒருவர் டியூப் லைட் கொடுத்தார். கொடுத்தவர் பேர், அப்பா பேர், கடை பேர் எல்லாம் எழுதியது போக வெளிச்சம் வர இடமில்லை. கூரையை மாற்ற மட்டும் யாரும் முன்வரவில்லை.

கடைசியில் அடி அண்ணாமலை ரைஸ்மில் முருகையன் வந்தார். கூரைச் செலவு மொத்தமும் தன்னுடையது என்றார். ஒரே ஒரு நிபந்தனை. முன்கூடத்தில் கடப்பைக்கல்லில் 'காலஞ்சென்ற சகாதேவன் நினைவுக் கூடம்' என்று தம்பி பேரை வெட்டி வைக்க வேண்டும். கல்லைத் திறக்கிற அன்றைக்கு செக்.

அந்த வாக்கை நம்பித்தான் பின்கட்டின் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். இது புரட்டாசி. ஐப்பசி மழை பிடித்தால் திறந்து கிடக்கிற சுவர்கள் கரைந்து உட்கார்ந்துவிடும். இன்று பத்தரை மணிக்கு ஜில்லாத் தலைநகரான வேலூரிலிருந்து கலெக்டர் வருகிறார், கல்லைத் திறக்க. கல் இல்லையென்றால் செக் இல்லை. செக் இல்லையென்றால் கூரை இல்லை.

ஏழரைக்கு ஏட்டு ஆதிமூலம் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கதவின் பூட்டைத் திருகிப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். பூட்டு பூட்டாகவே இருந்தது, கம்பி கம்பியாகவே இருந்தது.

"நேத்து எப்பங்க பூட்டுனீங்க?"

"ஆறு மணிக்கு. நான்தான் பூட்டினேன்."

"கல்லு உள்ள இருந்துச்சா?"

"இருந்தது. திரை தொங்கிட்டிருந்தது, பாத்துட்டுத்தான் பூட்டினேன்."

"சாவி எத்தினி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு க்யூரேட்டர் ஜினராஜ்கிட்ட."

ஏட்டு மெதுவாகத் திரும்பி ஜினராஜைப் பார்த்தார். ஜினராஜ் ஒல்லியான மனிதர், கோபம் மட்டும் ஜாஸ்தி. நடுகற்கள் வைத்திருக்கிற கூடத்துக்கு ஒரு தனியார் பேரா என்று போன மாதம் குழுக் கூட்டத்தில் மேசையைத் தட்டியவர்.

"சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். ஊரைக் காக்கச் செத்தவங்க கல்லுங்க இதெல்லாம். அதுக்கு நடுவுல சகாதேவன் கூடம்னு போர்டு மாட்டினா நியாயமா? அதுக்காக நான் கல்லைத் திருடுவேனா?"

"கல்லை ஒளிக்கணும்னா கல்லுக்குள்ளதான ஒளிப்பாங்க," என்று சொல்லி ஏட்டு ஒவ்வொரு நடுகல்லுக்கும் பின்னால் குனிந்து தேடினார். ஒரு பல்லிதான் ஓடியது.

சுனந்தா மேஸ்திரியைத் தனியே கூப்பிட்டார்.

"நேத்து சாயங்காலம் என்னென்ன நடந்தது, ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நாலு மணிக்குக் கல்லு வந்துச்சு. குழியில நிறுத்தி, நீங்கதான திரை கட்டுனீங்க. காலையில சாந்து வெச்சுக்கலாம்னு விட்டேன். அப்பாலிக்கா, பெரிய மனுஷங்க வர்ற எடமாச்சேன்னு, மூலையில பேத்துப் போட்டிருந்த பழைய கடப்பைத் தரைக்கல்லையெல்லாம் கொல்லையில கொட்டச் சொன்னேன். சித்தாளுங்க மூணு பேரும் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போனாளுங்க."

"வித்தியாசமா எதாவது?"

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் தொப்பு தொப்புனு போட்டாளுங்க. வள்ளி மட்டும் ஒரு நடையில ரொம்ப நிதானமா எறக்குனா. இடுப்பு புடிச்சிக்கிச்சான்னு கேட்டேன். இல்லன்னுச்சு. பாவம், அதுக்கு எத்தினியோ கஷ்டம். புருஷன்காரன் எங்கியோ போனவன் வரவேயில்ல. அதைப் பத்திக் கேட்டா, வெளியூர் போயிருக்காருன்னு சொல்லும், அவ்ளோதான்."

சித்தாள்கள் மூவரும் கொல்லையில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாளும் ராணியம்மாளும் கேள்விக்கு முன்பே பதில் சொல்கிற ஜாதி. சகாதேவன் கல்லை நாங்க கண்ணாலகூடப் பாக்கலைங்க என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சத்தியம் செய்தார்கள். வள்ளி வேங்கிக்கால் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, ஒரு முழம் கனகாம்பரம் சூடியிருந்தாள்.

"நேத்து வந்த கல்லைப் பாத்தியா வள்ளி?"

"பாத்தேங்க."

"படிக்கத் தெரியுமா உனக்கு?"

"அஞ்சாவது வரைக்கும் போனேங்க."

"என்ன எழுதியிருந்தது?"

"பேருங்க."

"யார் பேரு?"

வள்ளி குழைப்பதை நிறுத்தவில்லை. "அந்த மில்லுக்காரரு தம்பி பேருங்க."

சுனந்தா கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். பழைய கற்கள் குப்புறவும் மல்லாக்கவும் தாறுமாறாகக் கிடந்தன. தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவர்கள் அவற்றை மிதித்துத்தான் போனார்கள். தள்ளி, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு கல் மட்டும் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நின்றது. சுனந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்பதரைக்கு முருகையனின் கார் வந்தது. ஏட்டு அப்போது ஜினராஜை ஸ்டேஷனுக்கு நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவரை விடுங்க ஏட்டய்யா," என்றார் சுனந்தா. "நான் உங்ககிட்டத் தப்பா சொல்லிட்டேன். ஆறு மணிக்குக் கல் இருந்ததுன்னு சொன்னேன். நான் பாத்தது திரையை. திரை தொங்கினா பின்னால கல் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். திறப்பு விழாவுக்கு முன்னாடி திரையைத் தூக்கிப் பாக்கக் கூடாதுன்னு ஒரு நெனப்பு நம்ம எல்லாருக்கும் இருக்கே. பூட்டறதுக்கு முன்னாடியே கல் போயிடுச்சு."

"எப்படிங்க? இத்தினி பேர் இருந்தாங்களே."

"இத்தனை பேர் பாக்கத்தான் போச்சு. தரைக்கல்லோட தரைக்கல்லா, குப்புறப் போட்டுத் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. பின்பக்கம் பாத்தா எல்லாக் கடப்பைக்கல்லும் ஒண்ணுதான்."

அவர் எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். இருசப்பன் கல்லைத் திருப்பினார். சகாதேவன் பேர் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"எடுத்தவங்க இதை உடைச்சிருக்கலாம், கிணத்துல போட்டிருக்கலாம். செய்யல. யார் காலும் படாத எடமாப் பாத்து நிறுத்தியிருக்காங்க. நடுகல்லோடயும் வெக்கல. ஏன்னா அது செத்தவங்க எடம். பேரு மேல இவ்வளவு மரியாதை யாருக்கு இருக்கும்னு யோசிச்சேன். காலையிலேருந்து இங்க எல்லாரும் சகாதேவன் சகாதேவன்னு சொன்னாங்க. ஒரே ஒருத்தி மட்டும் வாயால அந்தப் பேரைச் சொல்லல. ஊர்ல இருக்கிற எந்தப் பேரையும் ஒரு பொம்பளை சொல்லுவா, புருஷன் பேரைத் தவிர."

வள்ளி சுண்ணாம்புக் கையோடு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க எடுத்தேன்," என்றாள்.

முருகையன் அவளைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தம்பி சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, ஒரு சண்டையில் வீட்டைவிட்டு இறங்கிப் போன தம்பி மனைவி. இங்கே சித்தாள் வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்டதும் இல்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"கல்லுல காலஞ்சென்றன்னு வெட்டியிருக்கீங்க மாமா. அதைக் கலெக்டர் தொறப்பாரு, ஊரே கை தட்டும். அப்புறம் நான் இந்தப் பொட்டோட எப்படித் தெருவுல நடக்கறது? அவரு போயிட்டாருன்னு யாரு வந்து சொன்னாங்க உங்களுக்கு? சேதி வந்துச்சா? ஒடம்பு வந்துச்சா? இவ்ளோ பெரிய கல்லு வெக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முருகையனுக்குக் குரல் உடைந்தது. "திருப்பதி, பழனி, பம்பாய், நான் தேடாத எடம் இல்லம்மா. பிச்சைக்காரங்க வரிசையில ஒவ்வொரு மூஞ்சியா குனிஞ்சு பாத்திருக்கேன். தேடித் தேடி முடியாமத்தான் கல்லு வெச்சேன். இதுக்கு மேல தேட எனக்குத் தெம்பு இல்ல."

"தேட வேணாம் மாமா. இருக்கட்டும்னு விட்டுருங்க. அது போதும்."

"தப்பு கமிட்டியோடது," என்றார் சுனந்தா. "ஒருத்தரைச் செத்தவர்னு எழுத, அவர் சம்சாரத்தைக் கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. கூரை கூரைன்னே அலைஞ்சேன். மன்னிச்சுக்கோ வள்ளி."

முருகையன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மேஸ்திரி, உளி இருக்கா? முதல் வார்த்தையை எடுத்துடு. நினைவுங்கறதையும் எடுத்துடு. பேரும் கூடமும் மட்டும் நிக்கட்டும்."

"செதுக்கின பொள்ளல் தெரியுமேங்க. கலெக்டர் கேட்டா?"

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

கலெக்டர் கேட்கவில்லை. பத்தரைக்குத் திரையை விலக்கி, 'சகாதேவன் கூடம்' என்று உரக்கப் படித்துவிட்டுக் கை தட்டினார். முருகையன் செக்கை எடுத்து நீட்டினார். ஜினராஜ்கூடக் கை தட்டினார். ஏட்டு எழுதுவதற்குப் புகார் எதுவும் இல்லாமல் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

கலெக்டரின் ஜீப் போன பிறகு முருகையன் கொல்லைப்பக்கம் வந்தார். கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"வீட்டுக்கு வந்துடு வள்ளி. அவன் வந்தா முதல்ல அங்கதான வருவான். அப்போ நீ அங்க இருக்க வேணாமா?"

வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுண்ணாம்பு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"வரேன் மாமா. இந்தக் கூரை முடியட்டும். நடுவுல விட்டா மழை வந்துரும்."

அதுவரைக்கும் தினமும் மத்தியானச் சோறு வீட்டிலிருந்து அனுப்புகிறேன் என்றார் முருகையன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.