உருமால் கட்டிய மொக்கையன்

1974 ஆவணி, சனிக்கிழமை. காலை பத்தே கால்.

கொல்லங்கோட்டில் குப்பண்ணன் வீட்டுக் கூடம். சுவரோர பெஞ்சில் மாப்பிள்ளை பொன்ராஜ், பக்கத்தில் அவன் அண்ணன் சுடலை. இருவரும் ஏலப்பாறை எஸ்டேட் ஆட்கள். பாயில் சுடலையின் மனைவி குருவம்மாள். எதிர் நாற்காலியில் குப்பண்ணன். ஜன்னலோர மேஜையில், நோட்டும் கண்ணாடியுமாக அவர் தங்கை சாந்தம்மாள். குப்பண்ணன் மகள், கல்யாணப் பெண் மரகதம் சமையலறைக் கதவுக்குப் பின்னால். நாளைக்குப் பரிசம்.

குப்பண்ணன் குடும்பம் தெற்கிலிருந்து இங்கே வந்து மூன்று தலைமுறை. பங்காளியா, மாமன் முறையா என்று பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பழைய கருமாதி நோட்டீஸ்களைச் சாந்தம்மாள் கேட்டு வாங்கியிருந்தாள். நீர்மாலை, நெய்ப்பந்தம் என்று புரியாத சொற்களை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக விசாரித்து அடித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க அம்மா ஒத்தப் பிள்ளை, அக்கா. கூடப் பிறந்த ஆளே கிடையாது. முறையில சிக்கல் வராது," என்றான் சுடலை.

"எதுக்கும் எங்கப்பா சின்னமுத்து கங்காணிதான் முன்ன நிப்பாரு," என்றாள் குருவம்மாள்.

பத்து நாற்பது. ஒரே சொல் மிச்சம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு 1968இல் அடித்த நோட்டீஸ். "உருமால்: சுடலைக்கு சின்னமுத்து. பொன்ராஜுக்கு மூன்றாம் டிவிஷன் மொக்கையன்."

"உருமால்னா என்னங்க தம்பி?"

"கருமாதியன்னிக்கு மகன் தலையில கட்டுற தலப்பா."

"யாருங்க கட்டுவாங்க?"

சுடலை மனைவியைப் பார்த்தான். "தாய்மாமன்."

"மொக்கையனுங்களா?"

"ஆமா. தாய்மாமன்."

பொன்ராஜ் காலி டம்ளரை எடுத்துக் குடித்தான்.

சாந்தம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அம்மா ஒத்தப் பிள்ளைன்னீங்க. தாய்மாமன் எங்கிருந்துங்க வந்தாரு? உங்க தலைக்குக் கட்டுன சின்னமுத்து உங்க மாமனாரு. அப்ப பொன்ராஜுக்குக் கட்டுனதும் மாமனாருதானுங்களே?"

குப்பண்ணன் எழுந்துவிட்டார். "ஏற்கெனவே கண்ணாலம் ஆனவனாடா நீயி?"

"அவ செத்துப் போயிட்டா," என்றான் பொன்ராஜ்.

"செத்தவங்களுக்கெல்லாம் நோட்டீஸ் அடிக்கற குடும்பமுங்க. அந்தப் புள்ளைக்கு அடிச்சது எங்கீங்க?" என்றாள் சாந்தம்மாள்.

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மரகதம் கூடத்துக்கு வந்தாள். யாரையும் பார்க்காமல் எழுதாத ஓர் இன்லண்ட் லெட்டரை அத்தையின் முன் வைத்தாள். சாந்தம்மாள் பேனாவைத் திறந்து எழுதினாள்.

"மூன்றாம் டிவிஷன் மொக்கையன் அவர்களுக்கு. உங்கள் மகள் உயிரோடு இருந்தால், அவள் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல்லவும்."

மரகதம் ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டினாள். பன்னிரண்டு மணித் தபாலுக்கு அவளே கொண்டுபோய்ப் போட்டாள்.