வளைந்த சுண்டுவிரல்

நேற்றுச் சதுரமாகத்தானே வார்த்தேன்?

ஆனந்தவள்ளி தட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். உயிரணுக்களைக் கூழில் கலந்து, ஊறிய ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன மணிகளாக்கி, அச்சில் நெருக்கிப் பரப்புவது அவள் வேலை. தொட்டுக்கொண்டிருக்கும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நாளடைவில் தோலாகும். அச்சு எந்த வடிவமோ தோலும் அதே வடிவம். ஆனால் இன்று மணிகள் மூலைகளை விட்டு விலகி நடுவில் கூடியிருந்தன. ஒரு திட்டு. அதிலிருந்து ஐந்து வரம்புகள். கடைசி வரம்பு சிறியது, உட்பக்கம் வளைந்திருந்தது.

உமாதேவி அக்காவின் சுண்டுவிரல் அப்படித்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது.

அணுக்களும் அக்காவுடையவைதான். அவள் வெந்து கிடந்தபோது, வேகாத தொடையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, புதுத்தோல் வளர்க்க இங்கே அனுப்பினார்கள். தோல் வளரும்வரை அக்கா இருக்கவில்லை. "தூரப் போட்டுரு" என்றார் அத்தான் மந்திரமூர்த்தி, ஆய்வுக்கூடம் அவருடையது. வள்ளி போடவில்லை. தினமும் ஊட்டநீர் மாற்றினாள், தட்டு தட்டாகப் பெருக்கினாள். வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது என்று எல்லோரிடமும் அவர் சொன்னார். அடுப்பைப் பார்த்து நின்றவளுக்கு முதுகெல்லாம் எப்படி வெந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடந்த அக்கா, அறை வாசலில் அவர் தலைகாட்டும்போதெல்லாம் அந்த வளைந்த விரலை வள்ளியின் விரலில் கொக்கிபோல் மாட்டி இறுக்குவாள்.

குற்றாலத்துச் சாரல் மதியத்தையே அந்தியாக்கியிருந்தது. கணவாய்க் காற்று ஜன்னல் இடுக்கில் ஊளையிட்டு நின்று மறுபடி ஊளையிட, கரண்டு போய், தட்டுகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரின் உறுமல் அடங்க, மூடிய அறைக்குள் எங்கிருந்தோ காய்ந்த நல்லெண்ணெய் வாசனை மெல்ல ஏறியது.

பின்கட்டில் ஓர் அலறல்.

வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தான் ஓடிவந்தார். "ஏட்டி வள்ளி! ஜெனரேட்டர்ல தண்ணி ஊத்துத மூடியத் தொறந்தேன், கொதிதண்ணி பொங்கிட்டு!"

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் அத்தான்."

"எதுக்கு? வடைக் கடைக்காரன் பசிச்சா பக்கத்துக் கடைக்கா போவான்? நாளைக்கு நம்ம தோலப் பாக்க மெட்ராஸ்காரங்க வாராங்க. என் கையிலயே காட்டிருதேன். அந்தத் தோல எடுத்துப் போடு. யாரோடது?"

"நம்ம வீட்டு ஆளோடதுதான்."

வலியிலும் சிரித்தார். "உன்னோடதா? கொழுந்தியா தோலுன்னா குளிர்ச்சியாத்தான் இருக்கும்."

வள்ளி தட்டைத் திறந்தாள். இடுக்கியால் தூக்கி, வெந்த புறங்கையில் மெதுவாக விரித்தாள்.

"ஆகா. எரிச்சலே தெரியல." கண்ணை மூடினார்.

திறந்தார். "இறுக்குதே."

ஐந்து வரம்புகள் அவர் விரலிடுக்குகளில் இறங்கின. கோத்துக்கொண்டன. கடைசியது அவர் சுண்டுவிரலைச் சுற்றியது. கொக்கிபோல். எலும்பு நொறுங்கும் சத்தம்.

எண்ணெய் வாசனை. அறை முழுக்க.

"வள்ளி... யாரோடதுட்டி இது?"

அவள் ஓரடி பின்வாங்கினாள். இவரைப் பார்த்தா, இதைப் பார்த்தா என்று அவளுக்கே தெரியவில்லை.

தோலின் ஓரம் மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கையை நோக்கி. மணி மணியாக.

"எடுத்துரு. உன் காலப் பிடிக்கேன். எடுத்துரும்மா."

இடுக்கி அவள் கையிலேயே இருந்தது. இப்போது இழுத்தால் வந்துவிடும்.

அணைந்துகிடந்த இன்குபேட்டருக்குள் ஒரு தட்டின் மூடி நகர்ந்தது. இன்னொன்று. அடுத்தது.

வள்ளி இடுக்கியைக் கீழே வைத்தாள். இளஞ்சிவப்பு ஊட்டநீரைக் குழாயில் உறிஞ்சி எடுத்து, அவர் கையில் ஏறிக்கொண்டிருந்ததன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"மாட்டேன் அத்தான்."