இரண்டு கால் நாற்காலி

தையற்காரி உள்ளே வந்தபோது அளவு நாடா அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் தங்கச்சியைக் கொலைகாரின்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்க டாக்டர். நாளைக்குக் கோர்ட்ல நிறுத்தப் போறாங்க. கோவம் வந்தா கத்துவா, தட்டைத் தூக்கி எறிவா, எல்லாம் பண்ணுவா. ஆனா இதை அவ பண்ணல."

டாக்டர் என்று அவள் கூப்பிட்ட அம்மாள் நெடுங்காலம் எலும்பு முறிவு வைத்தியம் பார்த்தவர். எலும்பு எப்படி ஒடிந்தது என்று ஆட்கள் சொல்லும் கதையும், ஒடிந்த எலும்பு சொல்லும் கதையும் ஒத்துப்போகாததைக் கண்டு கண்டு சலித்து, கடைசியில் துப்பறியும் வேலைக்கே வந்துவிட்டார். கூட இருக்கும் உதவியாளர் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் 'அவசரம்'தான். வண்டியை விட்டு இறங்கி எத்தனையோ வருடம் ஆகியும் மனுஷன் மாடிப்படியை ஒழுங்காக இறங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை.

"செத்தது அந்தக் கோணல்தானே?" என்றார் அவசரம், சாவியை எடுத்துக்கொண்டே.

அவரேதான். ஊரே அவரைக் கோணல் என்றது. அவரும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார். கை இரண்டும் முதுகுப் பக்கம் தைத்த கோட்டு, சிமெண்டில் வார்த்த மேசை விளக்கு, குதிகாலே இல்லாத செருப்பு என்று நேராக ஒரு பொருள் செய்யாத வடிவமைப்பாளர். அந்தச் செருப்பில் முன்பாதத்துக்குக் கீழே சாண் உயரக் கட்டை இருக்கும். குதிகாலுக்குக் கீழே வெறும் காற்று. அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நடந்த ஒரு மாடல் பெண் மல்லாந்து விழுந்து முதுகெலும்பு போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். தையற்காரியின் தங்கையும் மாடல். விழுந்தவள் அவளுடைய உயிர்த்தோழி.

"எல்லார் முன்னாடியும் 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்'னு அந்த ஆளைப் பார்த்துக் கத்திட்டா. அதுதான் வினையாப் போச்சு" என்றாள் தையற்காரி. "அவர் செத்த அன்னிக்கு அளவு பார்க்க வரச் சொல்லியிருந்தார். இனிமே உன் செருப்பைப் போடமாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லத்தான் போனா. தட்டினா, கதவு திறக்கல. சொல்லாம தப்பிச்சோம்னு படியில ஓடி வந்திருக்கா. அந்த ஓட்டத்தைப் பார்த்தவங்கதான் சாட்சி."

கோணலின் பட்டறை பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. உடலை எடுத்துவிட்டார்கள், ரத்தத்தை எடுக்கவில்லை. அது சுவரில் தலைக்கு மேல் வரை தெறித்துக் காய்ந்திருந்தது. செத்துப் போனவனையும் விடாமல் அடித்திருக்கிறார்கள், முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்றார் இன்ஸ்பெக்டர். அடித்தது ஒரு சிமெண்ட் விளக்கு. அதன் மூலையில் இன்னும் முடி ஒட்டியிருந்தது.

"கேஸ் முடிஞ்சுது டாக்டர். தரையைப் பாருங்க."

அடிதடியில் வார்ப்புத் தொட்டி கவிழ்ந்து, வெள்ளைப் பிளாஸ்டர் தரையில் பரவி அப்படியே இறுகியிருந்தது. அதன் ஓரமாக, பிறை வடிவத்தில் குதிகால் இல்லாத செருப்பின் தடங்கள்.

"அந்தப் பொண்ணு காலுக்கு அளவெடுத்துச் செஞ்ச ஜோடி. வேற யார் காலும் நுழையாது. இங்கேயே ரத்தத்தோட கிடந்தது. உள்ளே வந்து, செருப்பை மாட்டிப் பார்த்து, சண்டை போட்டு, அடிச்சிருக்கா."

டாக்டர் மண்டியிட்டு ஒவ்வொரு தடத்திலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு பிளாஸ்டர் படாத இடத்தில் குந்தி, கையை நீட்டி, ஆகக் கடைசித் தடத்தைத் தொட்டார்.

"எட்டுது" என்றார்.

நின்று கால் கடுத்த அவசரம், சுவரில் சாய்த்து வைத்திருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறு நொடி தடாலென்று மல்லாந்து கிடந்தார். மூலையில் அழுது வீங்கிய முகத்தோடு நின்ற பட்டறை வார்ப்புக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடலை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"அதுக்குப் பின்னாடி ரெண்டு கால்தாங்க. உட்கார்றவர் தன் காலை அழுத்தி ஊனினாத்தான் நாலாகும். பட்டறையில எவனும் தூங்கக் கூடாதுன்னு அண்ணன் செஞ்சது. கண் அசந்தா கீழதான்."

"வேற நாற்காலி?" என்று கேட்டார் டாக்டர்.

"இங்க எல்லாமே இதுதாங்க. அண்ணன் உட்பட எல்லாரும் இதுலதான்."

"நீங்க அன்னிக்கு எங்கே இருந்தீங்க?"

"மணல் எடுக்கப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி போனவன், வந்து பார்த்தா..." அவர் சுவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோணலின் காட்சிக்கூடம் வேறொரு தெருவில் இருந்தது. அதை நடத்துபவர் அவருடைய மனைவியின் தம்பி. மடிப்புக் கலையாத சட்டை, நகத்தில்கூடத் தூசி இல்லை. அங்கேயும் அதே இரண்டு கால் நாற்காலி இருந்தது. வாங்க வருகிறவர்கள் விழுந்து வைக்கக் கூடாதென்று கால்களை இரும்புத் தகட்டோடு திருகி முடுக்கியிருந்தார்கள். ஒரு இளைஞன் அதில் ஜம்மென்று சாய்ந்து, கால் இரண்டையும் எதிர் மேசைமேல் தூக்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கோணலின் மனைவி ஒரு மூலையில் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு விழுந்ததுல இருந்து அவர் சரியா சாப்பிடல" என்றாள். "எல்லாத்தையும் என் கையாலயே உடைக்கப் போறேன்னார். சும்மா சொல்றார்னு நினைச்சேன்."

"விடுக்கா. மாமா கோவத்துல ஆயிரம் சொல்வார்" என்றான் தம்பி. "வெளிநாட்டுல கண்காட்சி வெச்சிருக்கோம். என் ஆயுசையே அதுல போட்டிருக்கேன். மாமாவாவது உடைக்கிறதாவது!"

"நீங்க அன்னிக்குப் பட்டறைக்குப் போனீங்களா?" என்றார் டாக்டர்.

"அந்தத் தூசி எனக்கு ஆகாது. போறதே அபூர்வம். அன்னிக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு எட்டு எட்டிப் பார்த்தேன். மாமா ரெண்டு கால் நாற்காலியில சாய்ஞ்சு, காலை மேசைமேல போட்டுக்கிட்டு நல்ல குறட்டை. எழுப்ப மனசு வரல, கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். கீழே இறங்குறேன், அவ மேலே ஏறுறா."

வெளியே வந்ததும் அவசரம் தலையைச் சொறிந்தார். "அப்போ அந்தப் பொண்ணு ஏறினப்ப ஆள் உயிரோட இருந்திருக்கார். போச்சு டாக்டர், நாம காலி."

"நீங்க அந்த நாற்காலியில விழுந்தப்ப எங்கே அடிபட்டுது?"

"அதை இப்ப எதுக்குக் கேட்கறீங்க?" என்றார் அவசரம், கொஞ்சம் ரோஷத்தோடு.

மறுநாள் காலை கோர்ட் கூடுவதற்கு முன்பே எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். தையற்காரி வாசற்படியிலேயே நின்றாள். அவள் தங்கையை விலங்கோடு கொண்டுவந்தார்கள்.

"முதல்ல இந்தத் தடம்" என்றார் டாக்டர். "இந்தச் செருப்பைப் போட்டா உடம்புக் கனம் பூரா முன்விரல்ல இறங்கும். தடத்தோட முன் ஓரம் ஆழமா, பின் ஓரம் மேலாப்புல இருக்கணும். இங்க எல்லாத் தடமும் முத்திரை குத்தின மாதிரி ஒரே ஆழம். இழுபட்ட கோடு ஒண்ணுகூட இல்ல. அதோட இந்தச் செருப்போட இவ்வளவு கனமான விளக்கைத் தலைக்கு மேலே தூக்கினா, தூக்கினவங்கதான் மல்லாந்து விழணும். இதுல யாரும் நடக்கல. காய்ஞ்ச தரையில குந்திக்கிட்டு, செருப்பைக் கையில பிடிச்சு அழுத்தியிருக்காங்க. அதான் எல்லாத் தடமும் கை எட்டுற தூரத்துலயே நிக்குது."

இன்ஸ்பெக்டர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. "அப்போ யாரு?"

டாக்டர் கோணலின் மச்சினன் பக்கம் திரும்பினார். "உங்க மாமா தூங்கினதைக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க. அவசரம், நாற்காலியைப் பிடிங்க."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். சாய்ந்தான். காலைத் தூக்கி மேசைமேல் போட்டான். டாக்டர் கண்ணைக் காட்ட, அவசரம் கையை எடுத்தார். நாற்காலி பின்னால் சரிந்து, அவன் பிடரி தரையில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இதுல உட்கார்ந்து யாரும் தூங்க முடியாது. காலை மேசைமேல போட்டா முழிச்சிருக்கறவங்களே உட்கார முடியாது. பட்டறை ஆளுங்க எல்லாருக்கும் இது தெரியும். தகட்டுல முடுக்கின நாற்காலியை மட்டும் தினமும் பார்க்கிறவர் நீங்க ஒருத்தர்தான். மாமா உயிரோட இருந்தார்னு காட்டறதுக்கு நீங்க கட்டின குறட்டை அது. அந்தப் பொண்ணு வர்ற நேரமும் உங்களுக்குத் தெரியும்."

பின்னந்தலையைத் தடவிய கையில் ரத்தத்தைப் பார்த்தான் அவன். அடுத்து என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாகப் புரிவதற்குள், அலமாரியில் இருந்த இன்னொரு சிமெண்ட் விளக்கு அவன் கையில் இருந்தது. டாக்டரின் தலையைக் குறிவைத்து வீசினான். அவசரம் குறுக்கே பாய்ந்தார். சுள்ளி ஒடிகிற மாதிரி அவர் முன்கை ஒடிந்தது. வார்ப்புக்காரரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து அவனைத் தரையில் சாய்த்தார்கள். வார்ப்புக்காரர் அவன் வாயில் விட்ட குத்தில் பல் தெறித்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

"என் கண்ணு முன்னாடியே ஒரு விளக்கைப் போட்டு உடைச்சாரு அக்கா!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினான் அவன். "கண்காட்சியும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்னார். ஒருத்தி விழுந்ததுக்காக! ஒரே ஒருத்திக்காக!"

கோணலின் மனைவி தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

டாக்டர் அவசரத்தின் கையைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு எலும்பும் போயிருக்கு. நல்ல அடி."

"உங்க தலைக்கு வந்தது டாக்டர்" என்று பல்லைக் கடித்தார் அவசரம்.

"தெரியும்யா" என்றார் டாக்டர். அவர் குரல் நடுங்கியதை அவசரம் அன்றுதான் முதல்முறை கேட்டார்.

தங்கையின் விலங்கைக் கழற்றினார்கள். தையற்காரி ஓடிவந்து அவள் முகத்தைக் கையில் ஏந்தினாள். கன்னத்தில் நான்கு விரல் பதிந்து கன்றிப் போயிருந்தது.

"இதுவும் கையால பதிச்ச தடம்தான் இன்ஸ்பெக்டர்" என்றார் டாக்டர். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு, கைதியோடு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

வாசலை நோக்கி நகர்ந்த அக்கா தங்கையைக் கோணலின் மனைவி கூப்பிட்டாள். அவள் கையில் பட்டறைச் சுத்தியல் இருந்தது. அதே மாதிரி பிறை வடிவக் கட்டை வைத்த இன்னொரு செருப்பு ஜோடி மேசைமேல் கிடந்தது.

"அவர் செய்யணும்னு நினைச்சது இது ஒண்ணுதான், செய்ய விடல" என்றாள். "படுத்துக் கிடக்கிற உன் சிநேகிதிக்காக முதல் அடி நீ அடிம்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

தங்கை சுத்தியலை வாங்கினாள். இரண்டு கையாலும் ஓங்கினாள்.

அக்காவும் தங்கையும் டாக்டரும் மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகும், மேலே ஒவ்வொன்றாக உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒடிந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அவர்களுக்குப் பின்னால் வந்த அவசரம், வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒவ்வொரு படியாக இறங்கினார்.